முன்னால் உட்கார்ந்திருந்தவன்

இதைப் படித்துவிட்டு ‘நல்லா கதை விடுறான்’ என்று சொல்லப் போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு தடவை கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மெக்கானிக் மாயவன் கடைக்குப் போங்கள். பச்சை ஜீப் எங்கே என்று கேளுங்கள். அவர் பதில் சொல்ல மாட்டார். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பேச ஆரம்பித்தால் வாயை மூடாத மனுஷன் அவர். அந்த ஆள் வாயை மூடிக்கொண்டு போவதே எனக்குப் போதுமான சாட்சி.

நான் பேய்க்குப் பயந்தவன் இல்லை. பதினாறு வருஷமாகக் கல்வராயன் மலையில் ஜீப் ஓட்டுகிறேன். அந்த வளைவில் வெள்ளைப் புடவை நிற்கிறது, இந்த மரத்தில் ஒருத்தன் தொங்குகிறான் என்று கதை சொன்ன ஆட்களை அதே இடத்தில் இறக்கிவிட்டு, ‘போய் விசாரிச்சுட்டு வா’ என்று கிண்டல் பண்ணியிருக்கிறேன். இப்போது நானே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எல்லாம் என் நேரம்.

என் பெயர் தமிழழகன். சொந்த ஊர் சின்னசேலம் பக்கம். கல்யாணம் ஆனதும் வெள்ளிமலையிலேயே வாடகைக்கு வீடு பிடித்துக் குடிவந்துவிட்டேன். மனைவி இசைவாணி. ஒரே பையன் அருள்மொழி, ஏழு வயது.

என் பச்சை ஜீப்புக்கு செல்ஃப் மோட்டார் போய் ரொம்ப நாள் ஆகிறது. மலையில் பாதி வண்டிக்கு அதே கதைதான், யாரும் மாற்றுவதில்லை. சரிவாகப் பார்த்து நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுப் போவோம். திரும்பி வந்து கல்லை எடுத்தால் வண்டி தானாக உருளும். கியரில் போட்டு கிளட்சை விட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சமதளத்தில் நின்றுவிட்டால் ஏறினவர்களே இறங்கித் தள்ளுவார்கள். வண்டி கிளம்பினதும் பின்னாலேயே ஓடிவந்து தாவி ஏறிக்கொள்வார்கள். எங்கள் மலையில் இது ஒரு குறையே இல்லை. கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போகிறவர்கள்கூட இறங்கித் தள்ளியிருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம்தான் ஆல்டோ சாரை என் வண்டியில் ஏற்றியது.

ஆல்டோ சார் இத்தாலிக்காரர். எண்பது வயது. பாண்டிச்சேரி பக்கம் ரொம்ப காலம் இருந்தவர், தமிழை உடைத்து உடைத்துப் பேசுவார். மூன்று வருஷம் வெள்ளிமலையில் ஒரு ஓட்டு வீட்டில் தங்கியிருந்தார். பெயரைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் ‘கார் சார்’ என்று வைத்துவிட்டார்கள். வந்த புதிதில் ஒரு நாள், கடைத்தெருவில் என் ஜீப்பை நாலு பேர் தள்ளுவதைப் பார்த்தார். பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, பின்னால் கை வைத்து, ‘உனோ... தூவே... த்ரே...’ என்று எண்ணிக்கொண்டே தள்ளினார். அவர் பாஷையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று அர்த்தமாம். எஞ்சின் பிடித்ததும் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் தாவி ஏறினார். அந்த வயதில் விழுந்து தொலைத்தால் எவன் பதில் சொல்வது? அவரோ சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

அதற்கப்புறம் எங்கே போனாலும் என் ஜீப்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னார். பனி பெய்கிற மலை ஊரில் பிறந்தவர். அப்பா பால் லாரி ஓட்டியவர். அந்த லாரியை மலை இறக்கத்தில் விரட்டி ஊர் முழுக்கத் திட்டு வாங்கிய இவர், இருபது வயதில் ரேஸ் கார் ஓட்டினார். மலை ரோட்டு ரேஸ், வட்டமாகச் சுற்றுகிற ரேஸ், ராத்திரி பகலாக ஓடுகிற ரேஸ். பேப்பரில் எல்லாம் படம் வந்ததாம். ஒரு தடவை கார் தீப்பிடித்து இடது காது கருகிப் போனது. அந்தக் காதைத் தொட்டுக் காட்டி, ‘இது என் மெடல்’ என்பார்.

பனிக்காலத்தில் கார் ரேஸ் கிடையாது. அப்போது வேறொரு விளையாட்டு. மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஐஸிலேயே வாய்க்கால் மாதிரி வெட்டி வைத்திருப்பார்களாம். அதில் ஓட, அடியில் இரும்புப் பட்டை வைத்த ஒரு வண்டி. எஞ்சின் இல்லை. இரண்டு பேர் தள்ளிக்கொண்டே ஓடி, தாவி ஏறி, ஒருவர் பின்னால் ஒருவர் ஒடுங்கி உட்கார வேண்டும். அப்புறம் ஒரே இறக்கம்தான். உளுந்தூர்பேட்டை ரோட்டில் பறக்கிற ஆம்னி பஸ்ஸெல்லாம் அதற்கு முன்னால் நிற்க முடியாது. நாட்டுக்காகவே அதில் இறங்கியிருக்கிறார்.

அந்த வண்டியில் ஸ்டேரிங் முன்னால் இருப்பவனிடம், பிரேக் பின்னால் இருப்பவனிடம். முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னால் இருப்பவன் தலையைத் தூக்கவே கூடாது. நடுவில் பிரேக் பிடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும். கடைசியில் முன்னால் இருப்பவன் ‘ஃப்ரேனோ’ என்று கத்துவான். பிரேக் என்று அர்த்தம். அப்போதுதான் இழுக்க வேண்டும்.

“கண்ணு ஒருத்தன்கிட்ட, பிரேக்கு ஒருத்தன்கிட்டயா? இன்னா சார் வண்டி இது” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. “அதனால நம்பணும், தமிழ். வேற வழி இல்ல.”

இருபத்தாறு வயதில் காரையும் ஐஸையும் ஒரேயடியாக விட்டுவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்குக் கையை விரித்துவிட்டு வெளியே பார்த்தார். நானும் அதற்கு மேல் தோண்டவில்லை. போன வருஷம் உடம்பு முடியாமல் போய், தங்கை மகள் வந்து இத்தாலிக்கே கூட்டிப் போய்விட்டாள். அவரை மறுபடி உயிரோடு பார்ப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனிமேல்தான் விஷயம்.

போன கார்த்திகை. இரண்டு நாளாக அடித்த மழை மத்தியானம் கொஞ்சம் விட்டிருந்தது. அருள்மொழி வீட்டுக்குப் பின்னால் பந்து விளையாடிக்கொண்டிருந்தான். பந்து சாமைத் தாள் போருக்குள் போய்விட, கையை விட்டு எடுத்திருக்கிறான். ‘எறும்பு கடிச்சிடுச்சும்மா’ என்று சொல்லிவிட்டு மறுபடி விளையாடப் போய்விட்டான். வலி இல்லை. வீக்கம் இல்லை. நாங்களும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, ‘தூக்கமா வருது’ என்றான். இரண்டு இமையும் தானாக இறங்கின. விரலால் தூக்கிவிட்டாலும் நிற்கவில்லை. பேச்சு குழறியது. இசைவாணி ஓடிப்போய்த் தாளைப் புரட்டினாள். அடியில் கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது.

சுகாதார நிலையத்தில் நர்ஸ் விஜயலட்சுமி டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டே விஷமுறிவு மருந்தை ஏற்றினார். ஆனால் மூச்சு நின்றால் வைக்கிற மெஷின் கீழே கள்ளக்குறிச்சியில்தான். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸோடு அப்போதுதான் இறங்கியிருந்தது. அது திரும்பி வரும்வரை பையன் தாங்க மாட்டான், உங்கள் வண்டியிலேயே கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார். பிறகு இசைவாணியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“மூச்சு கம்மியாச்சுன்னா வாயில வாய வெச்சு ஊதுக்கா. எது நடந்தாலும் நிறுத்தாத. நீ வுட்டா புள்ள போயிடும்.”

மணி ஐந்து நாற்பது.

ஜீப்பைச் சரிவில் நிறுத்தியிருந்தேன். கல்லை எடுத்ததும் உருண்டது, பிடித்துக்கொண்டது. முன் சீட்டை ஒட்டின பின் பெஞ்சில் இசைவாணி, மடியில் அருள்மொழி. ஊரைத் தாண்டும்போதே மறுபடி மழை பிடித்தது. மூடுபனி வேறு. கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும், மழையென்றால் கேட்கவே வேண்டாம். எதிரில் ஒரு வண்டி இல்லை. பின்னால் அவள் அவனோடு பேசிக்கொண்டே வந்தாள். ‘அருளு... கண்ணு... அப்பா பாரு வண்டி எப்டி ஓட்டறாரு...’

கொஞ்ச தூரத்தில் அந்தப் பேச்சு நின்றது.

அப்புறம் ‘உஃப்... உஃப்...’ என்று ஒரு சத்தம். ஊத ஆரம்பித்துவிட்டாள்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். பாதி மலை இறங்கியிருப்போம். ஒரு வளைவு திரும்பினதும் ரோட்டின் நடுவில் பெரிய கல். சேறோடு சரிந்து வந்து கிடந்தது. பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது.

எஞ்சினும் நின்றது.

ஹெட்லைட் மங்கி, மங்கி... அணைந்தது. என் பேட்டரியின் லட்சணம் எனக்குத் தெரியும்.

இறங்கிக் கல்லைப் புரட்டித் தள்ளினேன். இனி வண்டி நகர வேண்டும். பார்த்தால் அந்த மலை முழுக்கச் சரிவாக இருக்க, நான் நிறுத்திய இடம் மட்டும் சமதளம். முன் சக்கரம் சேற்றுப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் தள்ளினேன். அசையவில்லை. கத்தினேன். யாராவது இருக்கிறீர்களா என்று தொண்டை கிழியக் கத்தினேன். போனில் டவர் இல்லை. மழைதான் பதில் சொன்னது. போனில் மணி ஆறு பத்து.

இசைவாணியை ஸ்டேரிங் பிடிக்கச் சொல்ல முடியாது. அவள் வாயை எடுத்தால் பையன் இல்லை.

ஒரே வழி, பின்னால் போய்த் தள்ளுவது. பள்ளம் தாண்டி நாலு எட்டு வைத்தால் சரிவு ஆரம்பம், அதற்கப்புறம் கொண்டை ஊசி வளைவு. வண்டி பள்ளம் ஏறினதும் ஓடிப்போய் முன்னால் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மூளை உள்ளவன் போடுகிற கணக்கு இல்லை. வேறு என்ன செய்வேன்?

பின்னால் போனேன். தோளைக் கொடுத்துத் தள்ளினேன். ஆடியது, மறுபடி பள்ளத்திலேயே உட்கார்ந்தது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. கால் வழுக்கி முகம் தகரத்தில் மோதியது. அழுகை வந்துவிட்டது. மழைக்குள் நின்று ‘ஐயோ யாராவது வாங்களேன்’ என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அப்போது முன் பக்கத்திலிருந்து கேட்டது.

“உனோ...”

காற்று என்று நினைத்தேன்.

“தூவே...”

காற்று இல்லை. ஆம்பளைக் குரல். என் கை தானாகத் தகரத்தில் பதிந்தது.

“த்ரே!”

தள்ளினேன். வண்டி பஞ்சு மாதிரி நகர்ந்தது. நான் மட்டும் தள்ளிய வேகம் இல்லை அது. முன்னால் இன்னொரு ஜோடிக் கால் ஓடியது. ‘தட் தட் தட் தட்’ என்று, செருப்புச் சத்தம் இல்லை, ஆணி அடித்த பூட்ஸ் சத்தம். பள்ளம் தாண்டியது. சரிவில் விழுந்தது. நான் பக்கவாட்டில் ஓட நினைத்தேன், வழுக்கியது. பின் கதவை ஒரு கையால் பிடித்துவிட்டேன். வண்டி இழுத்துக்கொண்டு போனது. முட்டி ரோட்டில் தேய்ந்தது. எப்படியோ தாவி உள்ளே விழுந்தேன்.

அதே நொடி, முன் சீட்டு ஸ்பிரிங் ‘க்ரீச்’ என்றது.

யாரோ உட்கார்ந்த சத்தம்.

ஸ்டேரிங்கைப் பிடிக்க முன்னால் தவழ்ந்தேன். மின்னல் வெட்டியது.

சீட்டில் ஆள் இருந்தான்.

குனிந்த முதுகு. கம்பளிச் சட்டை. தலையில் தோல் தொப்பி, காது வரை இறங்கியது. இரண்டு கையும் ஸ்டேரிங்கில். அந்தத் தோளை எனக்குத் தெரியும். அந்தத் தோள் வளைவை மூன்று வருஷம் பார்த்திருக்கிறேன்.

ஆல்டோ சார்.

அப்படியென்றால் செத்துவிட்டார்... என்று அந்த நிமிஷத்திலும் தோன்றியது. ஆனால் பின்கழுத்தில் ஒரு சுருக்கம் இல்லை. இருபது சொச்சம் வயதுப் பையன் கழுத்து.

வளைவு வந்தது.

வண்டியில் வெளிச்சம் இல்லை. எஞ்சின் இல்லை. அவன் பிரேக்கைத் தொடவே இல்லை. காலை மடக்கி ஓரமாக வைத்திருந்தான். ஸ்டேரிங்கை இரண்டு விரல் அளவு திருப்பினான். அவ்வளவுதான். வண்டி வளைவுக்குள் வழுக்கிக்கொண்டு போனது.

சத்தம் மாறியிருந்தது.

ஈர ரோட்டில் டயர் போகிற சத்தம் இல்லை. ‘சர்ர்ர்ர்ர்...’ என்று இரும்பு எதையோ சீவிக்கொண்டு போகிற சத்தம்.

குளிர். மழைக் குளிர் இல்லை. மூக்குக்குள் குத்துகிற குளிர். என் மூச்சு புகையாக வந்தது. இசைவாணியின் மூச்சும்.

அவன் பக்கம் புகை வரவில்லை.

ஹேண்ட் பிரேக் இரண்டு சீட்டுக்கும் நடுவில். கையை நீட்டினேன். லிவரைப் பிடித்தேன்.

என் கை மேல் ஒரு கை வந்து விழுந்தது. தோல் கையுறை. அதற்குள் ஐஸ் கட்டி. ஒரே அழுத்து. திரும்பிப் பார்க்காமலே அழுத்தினான். ‘இப்போ இல்லை’ என்று சொல்வது போல.

எனக்கே தெரியும். அந்த வேகத்தில் ஈர ரோட்டில் ஹேண்ட் பிரேக் இழுத்தால் பின் சக்கரம் இறுகி, வண்டி திரும்பி, நேராகப் பள்ளத்தாக்கு. தெரியும். ஆனாலும் இழுக்கத்தான் கை துடித்தது.

நம்பணும், தமிழ். வேற வழி இல்ல.

உடம்பை மட்டும் திருப்பி என் பிள்ளை மேல் கவிழ்ந்தேன். ஒரு கையால் அவனையும் அவளையும் சேர்த்துப் பிடித்தேன். இன்னொரு கை லிவரை விடவில்லை. தலையைக் குனிந்தேன்.

தூக்கவில்லை.

இடது வளைவு. சாய்ந்தேன்.

வலது வளைவு. சாய்ந்தேன்.

“உஃப்... உஃப்...” அவள் நிறுத்தவில்லை. வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் பல் அவன் பல்லில் இடித்தது. அவள் உதடு கிழிந்து ரத்தம் என் கன்னத்தில் சொட்டியது. என் காது பையன் நெஞ்சில்.

துடித்தது...

கொஞ்சம் நின்றது...

துடித்தது...

‘சர்ர்ர்ர்ர்...’

ஒரு கட்டத்தில் சக்கரம் தரையில் இருந்ததா என்றே தெரியவில்லை.

“ஃப்ரேனோ!”

கேட்டுவிட்டது. கை வரவில்லை. விறைத்திருந்தது.

“ஃப்ரேனோ!”

அந்தக் குரலில் பயம் இருந்தது. பேய்க்கும் பயம் வருமா? அதற்கு வந்தது.

“ஃப்ரேனோ...”

இழுத்தேன்.

இரண்டு கையாலும், உடம்பு முழுக்கக் கொடுத்து இழுத்தேன். வண்டி வால் ஆடியது, அலறியது, நின்றது.

மழைச் சத்தம் திரும்பி வந்தது. தலையைத் தூக்கினேன். எங்கள் பம்பருக்கு ஒரு முழம் முன்னால், ரோட்டை மறித்து ஒரு குட்டியானை வண்டி. சின்னதுரை என்பவர் மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அடிவாரம் வந்திருந்தது.

நான் முன் சீட்டைப் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். இசைவாணி கூடவே ஓடிவந்து ஊதிக்கொண்டிருந்தாள். சின்னதுரை ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டையைக் கீழே உருட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

கள்ளக்குறிச்சியில் தொண்டைக்குள் குழாய் வைத்து மெஷினில் போட்டார்கள். நாலாவது நாள் அருள்மொழி கண் திறந்தான். குழாயை எடுத்ததும் முதல் கேள்வி, பந்து எங்கே என்பது. நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். வெட்கமெல்லாம் இல்லை.

அன்று சாயந்திரம்தான் இசைவாணி கேட்டாள்.

“இன்னாங்க... அன்னிக்கி நீங்க ஓட்டிக்கினு வந்தீங்களே, பின்னால தாவி ஏறி எங்க மேல கவுந்துகினு வந்தது யாருங்க?”

இருட்டில் அவள் முன்னால் இருந்த முதுகைத்தான் நான் என்று நினைத்திருக்கிறாள்.

ஜீப்பை அடிவாரத்திலிருந்து எடுத்து வரும்படி மாயவனிடம் சொல்லியிருந்தேன். போனவர் போன் பண்ணி, இங்கே வண்டி இல்லையே என்றார். சின்னதுரையைக் கேட்டால், மூட்டை எடுக்க மறுநாள் காலை வந்தபோதே இல்லை என்கிறார். திருட்டு என்று போலீசுக்குப் போக இருந்தேன். அதற்குள் பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்னார், ‘உன் வண்டி மேல நிக்குதேப்பா.’

மேலேதான் நின்றது. கல் விழுந்த அதே இடத்தில். அதே பள்ளத்தில் முன் சக்கரம். மூக்கு கீழ்நோக்கி. ஹேண்ட் பிரேக் இறங்கியிருந்தது.

அதைக் கொண்டுவர மாயவன் தன் மொபெட்டில் போனார். பின்னால் போய்க் கை வைத்தாராம். போனவர் மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டு, மலை முழுக்க நடந்தே இறங்கி வந்தார். என்ன கேட்டது என்று நான் கேட்டேன். ஒரு விரலைக் காட்டினார். அதோடு சரி. இன்றுவரை ஜீப் அங்கேதான் நிற்கிறது. பஸ்ஸெல்லாம் ஒதுங்கிப் போகின்றன.

ஆல்டோ சார் எந்த நாள் செத்தார் என்று தெரிந்துகொண்டால் மனசு ஆறும் என்று பட்டது. அவர் தங்கை மகள் நம்பருக்கு வாட்ஸாப்பில் அடித்தேன்.

“ஹலோ... தமிழா?”

ஆல்டோ சார்தான் பேசினார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள்தான் வந்தீர்கள், நீங்கள்தான் ஓட்டினீர்கள், உங்கள் தோளைப் பார்த்தேன் என்றேன்.

“தமிழ்... நான் ஐஸ்ல முன்னால உக்காந்ததே இல்ல. நான் பிரேக்கு. பின்னால. முன்னால என் அண்ணன், எத்தோரே.”

அப்புறம் மெதுவாகச் சொன்னார். கடைசி ஓட்டத்தில் ஒரு வளைவில் வண்டி சுவரில் இடித்தது. பின்னாலிருந்த இவர் தூக்கி எறியப்பட்டு ஐஸில் விழுந்தார். முன்னால் இருப்பவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. அண்ணன் பார்க்கவில்லை. தம்பி பின்னால் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அடிவாரம் வரை போனான். தோள் எலும்பு முறிந்து மேலே கிடந்த இவருக்கு, கீழேயிருந்து அண்ணன் குரல் கேட்டது. மூன்று தடவை.

இழுக்கப் பின்னால் ஆள் இல்லை.

“நீ இழுத்தியே, தமிழ்” என்றார். குரல் உடைந்தது. “நின்னதும் அவன் முதுகுல ரெண்டு தட்டு தட்டினியா? முடிஞ்சிடுச்சுன்னு பின்னால இருக்கறவன் தட்டணும். தட்டினாத்தான் முன்னால இருக்கறவன் எறங்குவான்.”

“இல்ல சார். புள்ளய தூக்கிக்கினு ஓடிட்டேன்.”

அந்தக் கிழவர் அழுததை நான் எழுதப் போவதில்லை. கடைசியில் தெளிவாகச் சொன்னார். வருகிறேன், அண்ணன் பின்னால் நான் ஏறிக்கொள்கிறேன், நீ தள்ளி மட்டும் விடு.

பிறகு தங்கை மகள் பேசினாள். எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் புரிந்தது இதுதான்: மாமா அந்த மலையை ஒரு தடவை பார்க்க ஆசைப்படுகிறார், டிக்கெட் போட்டுவிட்டோம். ஆனால் நீங்கள்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும். எட்டு மாதமாக அவருக்கு இரண்டு கையும் விளங்கவில்லை. இப்போதுகூட போனை அவர் காதில் நான்தான் வைத்திருந்தேன்.

இதை இசைவாணியிடம் சொன்னேன். அவள் அருள்மொழிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். உதட்டுக் காயம் இன்னும் ஆறவில்லை. கையில் இருந்த உருண்டையை அவன் வாயில் வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

“பிரேக்கு இழுக்க அவருக்குக் கை இல்லன்னா இன்னாங்க. உங்களுக்கு இருக்குதில்ல. தள்ளிட்டு நீங்களும் ஏறிக்கோங்க.”

அதற்கப்புறம் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆல்டோ சார் சனிக்கிழமை வருகிறார்.